நான் வரைபடம் பார்க்காத ஒரே ஊர்

லீட்ஸ், 23 மே 1976

அன்புள்ள அண்ணன் ஹெட்லிக்கு,

இல்லை, எந்த இயந்திரமும் ஓர் ஊரின் வயதைச் சொல்லாது. அம்மாவிடம் இதை நீதான் மெதுவாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால், "ரெண்டு எழுத்து படிச்சுட்டா, வாயத் தொறந்தா இல்லைங்கற பேச்சுதான்" என்பாள். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் முதுகு?

நான் செய்வது இவ்வளவுதான். ஊருக்கு ஓர் அட்டை. அட்டையில் துளைகள். மண் களியா சரளையா, தண்ணீர் எவ்வளவு தூரம், ரோமானியர் போட்ட சாலை எவ்வளவு தூரம், பெயர் எப்படி முடிகிறது. ரோமானியர் போன பிறகு சாக்சன்கள் கடல் தாண்டி வந்து முதலில் குடியேறிய இடங்கள் சில, புதைகுழிகளால் உறுதியாகத் தெரியும். அவற்றைக் கணினிக்குக் காட்டுகிறேன். மற்ற நானூறு ஊர்களில் எது இவற்றைப் போல இருக்கிறது என்று அது ஓர் எண்ணாகச் சொல்கிறது. பத்தில் இரண்டு. பத்தில் ஏழு. ஜாடை பார்ப்பதுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லை.

ஊர் பரந்து கிடக்குமே, தூரம் அளக்கும் புள்ளியை எங்கே வைப்பாய் என்று கேட்டிருந்தாய். என் பேராசிரியர்கூட இதைக் கேட்கவில்லை. ஒரு விதி வைத்திருக்கிறேன். தேவாலயம் எங்கேயோ அங்கே புள்ளி. எல்லா ஊருக்கும் அதே விதி. வரைபடத்தில் சிலுவைக் குறியைத் தேடுவது, அளப்பது, துளையிடுவது. கண் எரிகிறது.

நம் டெபிங்ஹமின் அட்டையும் பெட்டியில் இருக்கிறது. நீர்வாரியம் நம் ஓடையை மறித்து ஏரி கட்டினால் வீடு, தொழுவம், பாலம் எல்லாம் தண்ணீருக்கு அடியில். நம் ஊர் ஆதிக் குடியிருப்பு என்று அக்டோபரில் அரசு நடத்தும் விசாரணையில் காட்டிவிட்டால் ஏரியைத் தடுக்கலாம் என்று அம்மா நம்புகிறாள். எண் பெரிதாக வந்தால் நானே வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடுகளையும்.

தர்சா


டெபிங்ஹம், 27 ஜூன்

தர்சா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வைக்கோல் வேலை. அம்மாவின் முழங்கால், ஊரில் ஒரு கதவு விடாமல் தட்டிக் கையெழுத்து வாங்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. என் முதுகு முதுகாக இருக்கிறது.

வெயில் தாங்கவில்லை. மேட்டு வயல்களில் புல் பாய் மாதிரி காய்ந்து கிடக்கிறது. கீழ்ப் புல்வெளி ஊற்று மட்டும் இன்னும் கசிகிறது. மாடுகளை அங்கேதான் விட்டிருக்கிறேன். அவற்றுக்கும் மூளை கலங்கிவிட்டது. சிதறி மேயாமல் வரிசை கட்டி நிற்கின்றன. வரிசை நேராகப் போகிறது, சட்டென்று ஓரிடத்தில் திரும்புகிறது, மறுபடி நேராகப் போகிறது. பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. உன் செல்லப் பசு பட்டர்கப் கடைசியில். எப்போதும்போல.

நேற்று நம் வீட்டில் எதிர்ப்புக் குழுவின் கூட்டம். அம்மா எழுந்து நின்று சொன்னாள்: "என் ஹெட்லியை இந்த மண்ணுலேருந்து புடுங்கினா அவன் பட்டுப்போயிடுவான். வேற எங்கயும் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது அவன்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாருக்கெல்லாம் சர்க்கரை என்று கேட்டேன்.

உன் எண் எப்போது வரும்?

லீட்ஸில் குழாயில் தண்ணீர் வருகிறதா? வந்தால் நிறையக் குடி.

ஹெட்லி


லீட்ஸ், 8 ஜூலை

ஹெட்லி,

பத்தில் ஒன்பது.

நலமா என்று கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். நலமா?

கணினி அறையில் திருமதி அக்ராய்ட் காகிதத்தை நீட்டும்போதே சொன்னாள்: "கண்ணு, உன் பொட்டியை மூணு தடவை துப்பிட்டுத்தான் முழுங்கினாரு நம்ம கணினிப் பெரியவரு. ஏதோ பொறந்த வீட்டுச் சமாச்சாரம்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு போல." நின்றபடியே படித்தேன். டெபிங்ஹம். சரளை மண், பக்கத்தில் தண்ணீர், நடக்கிற தூரத்தில் ரோமானியர் சாலை. பத்தில் ஒன்பது.

வெறும் ஜாடை என்று உனக்கு எழுதியவள் நான். படிக்கட்டில் ஓடினேன். தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அழுதாள். அம்மா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. கேட்டதோடு சரி.

உனக்காகத்தான் இது. நான் போய்விட்டேன், நீ இருந்தாய். நீ இருக்கிற இடமாவது இருக்கட்டும்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. வேறு குறை இல்லை. ஒரு வரி எழுது.

தர்சா


லீட்ஸ், 1 ஆகஸ்ட்

ஹெட்லி,

உனக்கு உடம்பு சரியில்லையா? என் கடிதம் கிடைத்ததா?

அம்மா அச்சடித்த துண்டறிக்கை வந்தது. "கணினியின் தீர்ப்பு: டெபிங்ஹம் ஆதி ஊர்." தீர்ப்பு! என் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வேறு. இன்னும் வாங்கவில்லை அம்மா என்று தொலைபேசியில் கத்தினேன். "வாங்கத்தானே போற?" என்றாள்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவனா? சர்ச் கோபுரத்துல கொடிக்கம்பம் மாத்தப் போனான். எறங்கி வந்ததுலேருந்து வாயே தொறக்கல. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு. வாரத்துல ஒரு நாள் சந்தைன்னு கெளம்பிடறான், ஒரு கன்னுக்குட்டிகூட வாங்கிட்டு வரல."

நானும் உட்கார முடியாமல்தான் இருக்கிறேன். அறை சூடாக இருக்கிறது. எதையோ மறந்துவிட்டு வெளியே கிளம்பியது போலவே இருக்கிறது, நாள் முழுக்க.

எழுது. பல் அப்படியேதான்.

தர்சா


15 ஆகஸ்ட்

தர்சா,

நான் நலம். பல்லைப் பிடுங்கிவிடு. காத்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஊரில் குழாய் நின்றுவிட்டது. தெருமுனையில் வாளிகளோடு வரிசை. பப்பில் ஒருத்தன், "ஏரி இருந்திருந்தா இப்படிப் பல்லு வெளக்கப் பீரு வாங்கற நெலம வருமா?" என்றான். அம்மா இப்போது அவனோடு பேசுவதில்லை. அவன் மனைவியோடும்.

நீர்வாரியத்தின் படத்தை ஊர்மன்றத்தில் மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வரும் இடமெல்லாம் நீலம். வீடு நீலம். பாலம் நீலம். தேவாலயம் மட்டும் நனையாமல் நிற்கும். அது களிமண் மேட்டில் அல்லவா, ஊற்றிலிருந்து அரை மைல். உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏற்றத்தில் நீ அழுவாய், நான் தூக்கிக்கொண்டு போவேன்.

உன் மே மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். அந்த விதி நல்ல விதி.

மாடுகளை மேலே மாற்றிவிட்டேன். கீழ்ப் புல்வெளியை ஒட்ட அறுத்துவிட்டேன்.

வெயிலில் அலையாதே.

ஹெட்லி


லீட்ஸ், 19 ஆகஸ்ட்

ஹெட்லி,

உன் கடிதத்தில் ஹாரிச் துறைமுகத்தின் தபால் முத்திரை. மாட்டுச் சந்தை அங்கே இல்லை.

தேவாலயம் மேட்டில் இருக்கிறது. ஆமாம். அந்த ஏற்றம் என் காலுக்கு இன்னும் தெரியும். பெட்டியைத் திறந்து டெபிங்ஹம் அட்டையை எடுத்துப் பார்த்தேன். சரளை. தண்ணீர் கைக்கெட்டும் தூரம். அது மேடு இல்லை. ஊற்று.

மற்ற ஊர் ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தை விரித்துச் சிலுவையைத் தேடினேன். டெபிங்ஹமுக்கு விரிக்கவே இல்லை. எதற்கு? எனக்குத் தெரியாத ஊரா? டெபிங்ஹம் என்றதும் சமையலறை ஜன்னல், ஊற்று, வாளி வைக்கும் கல். புள்ளி தானாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. நான் படம் பார்க்காத ஒரே ஊர் என் ஊர்.

புது அட்டை துளைத்துக் கொடுத்திருக்கிறேன். முழுப் பெட்டியும் மறுபடி ஓட வேண்டும்.

உனக்கு இது தெரிந்திருந்ததா? தெரிந்து எழுதினாயா, சும்மா எழுதினாயா?

பல்லைப் பிடுங்கிவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா?

தர்சா


லீட்ஸ், 5 செப்டம்பர்

ஹெட்லி,

பதில் இல்லை. சரி. நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

பத்தில் மூன்று.

திருமதி அக்ராய்ட் காகிதத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒத்த அட்டைதானே மாத்தின? அதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?" பேராசிரியரிடம் காட்டினேன். "நானூறுல ஒரு புள்ளி நகர்ந்தா ஆராய்ச்சி சாஞ்சுடாது மிஸ் ஃபிஸ்க். பேசாம விடுங்க" என்றார். ஆராய்ச்சி சாயாது. தொழுவம் சாயும்.

பேசாமல் விடலாம். அம்மாவின் துண்டறிக்கை ஊரெல்லாம் போய்விட்டது. என் அட்டையை யாரும் பார்க்கப்போவதில்லை. இதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கேயும் பெய்யும். உட்கார முடியாமல் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். ஜூன் கடிதம். மாடுகள்.

முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். மண்ணுக்கு அடியில் பழைய வீட்டின் சுவருக்குத் தோண்டிய குழிகள் இருந்தால் அங்கே ஈரம் தங்கும். வறட்சியில் எல்லாம் காய்ந்தாலும் அந்தக் கோடு மட்டும் பச்சை. மாடு பச்சையைத்தான் தேடும். அவை ஒரு சுவரோரமாக நின்றிருக்கின்றன, ஹெட்லி. மூலை வந்ததும் திரும்பியிருக்கின்றன.

அதற்குப் பிறகு நீ கோபுரத்தில் ஏறினாய். இறங்கி வந்து பேச்சை நிறுத்தினாய். புல்லை அறுத்தாய்.

மேலிருந்து என்ன பார்த்தாய்?

தர்சா


டெபிங்ஹம், 19 செப்டம்பர்

தர்சா,

வீடுகள்.

புல்வெளி முழுக்க. மஞ்சள் புல்லில் பச்சைக் கோடுகளாக. நடுவில் நீளமாக ஒன்று. சுற்றிலும் சின்னச் சின்னதாக. ஊற்றுக்கு ஒரு பாதை, நாம் வாளியோடு போகும் அதே பாதை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழகாக இருந்தது. அதை முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்து நினைத்தது: போச்சு, இனி ஏரி வராது.

வாரியத்து ஆள் முதன்முதலில் வந்து படத்தை விரித்த அன்று அம்மா மேசையைக் குத்தினாள். நான் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். சத்தம் வராமல். தண்ணீர் வந்தால் நான் யாரையும் விட்டுப் போக வேண்டியதில்லை. இடமே போய்விடும். அப்புறம் என்னை யார் கேட்பார்கள்?

ஹாரிச்சில் ஹாலந்துக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏற்றிய வண்டிகள் அசையாமல் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. வரச் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பத்தில் ஒன்பது என்று நீ எழுதியதுமே எனக்குத் தெரியும். மேட்டில் நிற்கும் தேவாலயத்துக்கு அந்த எண் வராது. நீ சொல்லிக்கொடுத்ததுதான். நீ திருத்திவிட்டால் போதும், நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

மழை பெய்து புல் எல்லாம் ஒரே பச்சையாகிவிட்டது. இப்போது ஒன்றும் தெரியாது. பார்த்தவன் நான் மட்டும்தான்.

அம்மா நலம். நான் தூங்குவதில்லை.

ஹெட்லி


லீட்ஸ், 26 செப்டம்பர்

ஹெட்லி,

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாது.

என் விதிப்படி டெபிங்ஹம் பத்தில் மூன்று. ஆனால் விதியை மறந்து வைத்த புள்ளிதான் ஊர் இருந்த இடம். தேவாலயத்தைக் கல்லில் கட்டியது எத்தனையோ தலைமுறை கழித்து. அதற்குள் ஜனங்கள் மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். அப்படியானால் மற்ற நானூறு? அந்த ஊர்களுக்கெல்லாம் நான் விருந்தாளி. வாசலோடு நின்று திரும்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் மறுபடி அளக்க வேண்டும். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

விசாரணையில் இரண்டையும் சொல்லப்போகிறேன். எண் தவறு என்பதையும், புல்வெளியையும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

உனக்காக என்று நான் எழுதியதை நினைத்தால் முகம் சுடுகிறது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயம் இருந்திருக்க வேண்டும். நீ அங்கே இருந்தால்தான் நான் இங்கே இருக்க முடியும்.

ஒன்று சொல். பதினெட்டு வயதில் நான் கிளம்பியபோது யாரும் அணை கட்டவில்லை. பேருந்து வந்தது, ஏறினேன். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தது நீ. உனக்கு மட்டும் ஏன் ஓர் ஊரே முழுக வேண்டும்?

அடுத்த மாதம் முழுக்க நான் அங்கே இருப்பேன். மாடு கறப்பது மறந்திருக்காது.

அம்மாவிடம் நீயே சொல். கடிதத்தில் வேண்டாம். தூங்கு.

தர்சா


ஹாரிச், 10 அக்டோபர்

தர்சா,

சொன்னேன்.

அம்மா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. "உங்கப்பா பால் வாளி வாங்கிட்டு வந்தா அதுல ஏறி ஓடையில மெதந்தவன்தானே நீ. அப்பவே தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏம்மா நான் பட்டுப்போயிடுவேன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"வேற என்னத்தடா சொல்றது? நான் பட்டுப்போயிடுவேன்னா?"

அடுத்த ஆப்பிளை எடுத்தாள். பிறகு, "கம்பளிச் சட்டை ரெண்டா எடுத்துக்க. கடல்ல காத்து அடிக்கும்" என்றாள். இரண்டையும் ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

இதோடு ஒரு படம் அனுப்புகிறேன். தீவனப் பையின் பின்பக்கம். கோபுரத்திலிருந்து பார்த்ததை நினைவில் இருக்கிறபடி வரைந்திருக்கிறேன். நீளமான வீடு நம் தொழுவத்தைவிடப் பெரியது. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரணையில் காட்டு.

கப்பலில் முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாளும். முதுகு வலிக்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? பட்டர்கப் உதைப்பாள், இடது பக்கம் உட்காராதே.

ஹெட்லி


டெபிங்ஹம், 21 அக்டோபர்

ஹெட்லி,

அம்மா நலம். நானும். பட்டர்கப் வலது பக்கமும் உதைக்கிறாள்.

விசாரணை நேற்று ஊர்மன்றத்தில். தண்ணீர்ப் பஞ்சம் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும் நனைந்து வந்தார்கள். கூரை ஒழுகியதால் வாரியத்தின் மேசையில் ஒரு வாளி வைத்தோம். வாரியத்து வக்கீல் அம்மாவின் துண்டறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ் ஃபிஸ்க், ஜூலையில பத்துக்கு ஒன்பது. இப்ப மூணுன்னு சொல்றீங்க. நவம்பர்ல என்னங்க வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணை விட்டுவிடுங்கள் என்றேன். என் அட்டை தவறு, என் விதியும் தவறு, கீழ்ப் புல்வெளியைத் தோண்டிப் பாருங்கள் என்றேன். உன் படத்தைக் கொடுத்தேன்.

"இந்தக் கோடுங்களை எல்லாம் முதல்ல பாத்தது யாரு?"

"மாடுங்க."

இன்னும் சிரிப்பு. விசாரணை அதிகாரி மட்டும் சிரிக்காமல் தீவனப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தவர் எங்கே என்று கேட்டார். அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"என் மகன். கப்பல்ல வேலைக்குப் போயிருக்கான். வரைஞ்சு குடுத்ததுக்குக் கீழ அவன் பேரு இருக்கு, படிச்சுக்குங்க."

ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

வசந்தத்தில் தோண்டிப் பார்த்த பிறகே முடிவு என்று அதிகாரி எழுதிக்கொண்டார். ஏரி வரலாம், வராமலும் போகலாம். நீ இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழையில் நடந்தே வந்தோம். பாலத்தில் அம்மா நின்றாள். "அந்தப் புல்வெளியில எத்தன வருஷம் துணி காயப் போட்டிருக்கேன். யாரு வீட்டுக் கூடத்துலயோ போட்டிருக்கேன்" என்றாள். அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.

நான் உன் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு மாடு கறக்கப் போனேன்.

தர்சா